பிரசிடெண்டு இல்லாத மூன்று வருடம்: தமிழ்நாட்டு ஊராட்சிகள், 2016 – 2020

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று நான்கு மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் போனால் கிராமத்தில் விளக்குக்கு முன்னால் நின்றுபோவது குடிதண்ணீர். மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார் ஓடாது. எங்காவது ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து, டீசல் ஊற்றி, தொட்டியை நிரப்பி, தெருத்தெருவாகத் திறந்துவிட வேண்டும்.

சரி, ஜெனரேட்டரை யார் பிடிப்பது? டீசல் காசை யார் முதலில் கொடுப்பது? காலனிக்கு முதலில் விடுவதா, ஊர்த்தெருவுக்கா? நிவாரணப் பட்டியலில் யார் வீடு விட்டுப்போனது என்று யாரிடம் போய்ச் சத்தம் போடுவது? சாதாரண காலமாக இருந்தால் இத்தனை கேள்விக்கும் ஊரில் ஒரே ஆள்தான் பதில்: பிரசிடெண்டு. நல்லவரோ கெட்டவரோ, அவர் வீடு எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். கஜா வந்த நாளில் தமிழ்நாட்டில் ஒரு ஊராட்சிக்கும் பிரசிடெண்டு கிடையாது. அந்த நாற்காலி காலியாகி இரண்டு வருடம் தாண்டியிருந்தது.

அதிகாரத்தை உள்ளூருக்குக் கொடுத்தால் பொதுச்சேவை மேம்படுமா என்ற கேள்விக்கு ஒரு மாநிலத்தை இன்னொரு மாநிலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். தமிழ்நாட்டில் நடந்தது வேறு மாதிரி. அதே ஊர், அதே ஊராட்சிச் செயலர், அதே டேங்க் ஆபரேட்டர், அதே திட்டங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளை மட்டும் நடுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதைச் சுத்தமான சோதனை என்று சொல்ல மாட்டேன். பருவமழை பொய்த்ததும், பணமதிப்பு நீக்கமும், புயலும் இதே காலத்தில்தான் வந்தன. ஆனாலும் உள்ளாட்சி என்பது உண்மையில் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைப்பது கடினம்.

நாற்காலி காலியானது எப்படி

2011இல் தேர்வான உள்ளாட்சி அமைப்புகளின் ஐந்தாண்டுக் காலம் 2016 அக்டோபர் 24இல் முடிவதாக இருந்தது. அந்த மாதம் 17, 19 தேதிகளில் வாக்குப்பதிவு என்று செப்டம்பர் கடைசியில் அவசரமாக அறிவிப்பு வந்தது. மறுநாளே வேட்புமனுத் தாக்கல். பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று திமுக தரப்பில் வழக்கு போனது. சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று அறிவிப்பையே ரத்து செய்து, டிசம்பர் 31க்குள் முறையாகத் தேர்தலை நடத்தச் சொன்னது.

அந்த டிசம்பர் 31 வரவே இல்லை. முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தார். டிசம்பர் 5 அன்று இறந்தார். ஆளுங்கட்சி உடைந்தது, சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி வார்டு மறுவரையறை செய்ய வேண்டும் என்றார்கள். அது முடியும் நேரத்தில் 2019இல் புது மாவட்டங்கள் பிறந்தன. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை நடந்தன. கடைசியில் 2019 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், மாவட்டப் பிரிப்பில் சிக்கிய ஒன்பது மாவட்டங்களை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதில் நடத்துங்கள் என்றது. டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டக் கிராமங்கள் வாக்களித்தன. 2020 ஜனவரி 6 அன்று பதவியேற்பு. மீதி ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரைக்கும், சென்னை உள்ளிட்ட நகரங்கள் 2022 பிப்ரவரி வரைக்கும் காத்திருந்தன.

காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243ஈ பிரிவு. அகமதாபாத் மாநகராட்சி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இலேயே இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுக்குப் பதிலாக நிர்வாகத்தைப் பார்க்கும் அரசு அதிகாரிக்குத் 'தனி அலுவலர்' என்று பெயர், தமிழ்நாட்டுக்கு அந்தச் சொல் புதிதில்லை. 1970க்கு அப்புறம் இங்கே ஊராட்சித் தேர்தல் நடந்தது 1986இல். சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டு, அடுத்த மேயர் வர 1996 ஆனது. 73ஆம் சட்டத்திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்ததே இந்தப் பழக்கத்தை ஒழிக்கத்தான். 1996, 2001, 2006, 2011 என்று நான்கு தேர்தல் ஒழுங்காக நடந்தன. அதற்குள் பழைய பழக்கம் மறந்துபோயிருக்கும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரு பி.டி.ஓ., 32 ஊர்

அப்போது மாநிலத்தில் 12,524 கிராம ஊராட்சிகள், 385 ஊராட்சி ஒன்றியங்கள். ஒவ்வொரு ஒன்றியத்திலும் கிராம ஊராட்சிகளைக் கவனிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரே (பி.டி.ஓ.) அங்குள்ள எல்லா ஊராட்சிகளுக்கும் தனி அலுவலர் ஆனார். வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஆளுக்கு 32 பிரசிடெண்டு வேலை. அவருடைய பழைய வேலை அப்படியே இருந்தது: நூறு நாள் வேலை, வீடு கட்டும் திட்டம், கழிப்பறைக் கணக்கு, வாரம் தவறாத ஆட்சியர் கூட்டம்.

இதில் பி.டி.ஓ.க்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசிடெண்டு என்ன செய்வார்? தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, காயில் கட்டச் சொல்லி, "பணம் வந்ததும் தர்றேன்" என்பார். அவசரம் என்றால் கைக்காசைப் போடுவார். பிறகு மன்றத்தில் தீர்மானம் வைத்து, துணைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, செக் போட்டு எடுத்துக்கொள்வார். சில பேர் கொஞ்சம் கூடவும் எடுத்துக்கொள்வார்கள், அது வேறு கதை. இந்தக் கடன், இந்தக் கைமாற்று, அடுத்த தேர்தலில் ஓட்டு வேண்டும் என்ற பயம், இதில் எதுவும் எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. ஊரில் தண்ணீர் வருவதற்கு இவைதான் காரணம். அரசு அலுவலர் அப்படிச் செய்ய முடியாது. மதிப்பீடு, ஒப்புதல், பில் என்றுதான் போக வேண்டும். தணிக்கையில் ஒரு ஆட்சேபம் விழுந்தால் ஓய்வூதியம் வரைக்கும் துரத்தும். அவர் விதிப்படி நடந்தார். மோட்டார் பத்து நாள் படுத்துக்கிடந்தது.

தெருவிளக்கும் அப்படித்தான். எங்கள் ஊரில் பஸ் நிற்கிற முனையில் ஒரு விளக்கு எரியவில்லை. முன்பெல்லாம் டீக்கடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு நாளில் பல்பு மாறும். மாறாவிட்டால் அதே டீக்கடையில் பிரசிடெண்டு தலை காட்ட முடியாது. இப்போது செயலரிடம் சொன்னோம். அவர் ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். அவரும் பாவம், எழுதத்தான் முடியும். ஒன்றிய அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கூலி வேலைக்குப் போகிற ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் தெருவிளக்குக்காக மனுக் கொடுக்கப் போவாரா?

அதோடு பணமும் நின்றது. 14ஆவது நிதிக்குழு 2015–20 காலத்துக்கு ஒதுக்கிய மானியம் நேராகக் கிராம ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் போக வேண்டியது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதைக் காட்டி மத்திய அரசு தமிழ்நாட்டுக்கான தவணைகளை நிறுத்திவைத்தது. கிடைக்க வேண்டிய ஆயிரக்கணக்கான கோடிக்காக மாநிலம் டெல்லிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. 2019 டிசம்பரில் தேர்தல் ஒருவழியாக நடந்ததற்கு நீதிமன்றம் பாதிக் காரணம், இந்தப் பணம் பாதிக் காரணம் என்பது என் கணிப்பு.

நிற்காமல் ஓடியவை

மூன்று வருடமாகப் பிரசிடெண்டு இல்லை. ரேஷன் அரிசி நின்றதா? இல்லை. சத்துணவு நின்றதா? இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் நடந்தது. முதியோர் பென்ஷன் வந்தது. பள்ளியில் பாடப்புத்தகம், சைக்கிள், லேப்டாப் வந்தன. டவுன் பஸ் ஓடியது.

ஏனென்றால் இவற்றில் எதுவும் ஊராட்சியின் கையில் இல்லை. அரசியல் சட்டத்தின் 11ஆவது அட்டவணை 29 துறைகளைப் பட்டியல் போட்டு, இவற்றை ஊராட்சிகளுக்கு மாற்றலாம் என்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சியிடம் நிஜமாக இருப்பது குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, ஊர்ச்சாலை, சுடுகாடு. பள்ளி ஒரு துறை, மருத்துவமனை ஒரு துறை, ரேஷன் ஒரு துறை. எல்லாவற்றின் நூலும் சென்னையில் இருக்கிறது. அந்தத் துறைகள் நன்றாகவே வேலை செய்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டு மக்கள்நலத் திட்டங்களின் பெருமையே அவை எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேருவதுதான்.

அந்தப் பெருமைக்குள்ளேதான் இந்த மூன்று வருடத்துக்கான விளக்கமும் இருக்கிறது. உள்ளாட்சி இல்லாமல் ஒரு மாநிலம் பெரிய கொந்தளிப்பில்லாமல் ஓடியது என்றால், உள்ளாட்சிக்கு நாம் கொடுத்திருந்தது அவ்வளவு குறைவு. வாக்காளர் கோபப்படும் விஷயங்கள் எல்லாம் வேறு வழியில் வந்துகொண்டே இருந்ததால் தேர்தலைத் தள்ளிப்போடுவதில் யாருக்கும் அரசியல் நஷ்டம் இல்லை. தண்ணீருக்காகக் காலிக் குடத்தோடு சாலையில் உட்கார்ந்த பெண்களுக்குத்தான் நஷ்டம். அந்த மறியல்கள் தாசில்தார் வந்து பேசியதும் முடிந்தன, அடுத்த வாரம் மறுபடி தொடங்கின.

கேரளத்தில் இது நடக்குமா என்று யோசித்துப் பாருங்கள். 1996இல் மக்கள் திட்ட இயக்கம் என்ற பெயரில் அங்கே மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு மாற்றினார்கள். ஆரம்ப சுகாதார நிலையமும் அங்கன்வாடியும் கால்நடை மருத்துவமனையும் பஞ்சாயத்தின் பொறுப்பில் வந்தன. மன்றம் இல்லாவிட்டால் மருந்து வாங்கும் திட்டத்துக்கே கையெழுத்துப் போட ஆள் இருக்காது. கஜாவுக்கு மூன்று மாதம் முன்னால், 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. அங்கே முகாம்களை நடத்தியதிலும், வீடுவீடாகச் சேதத்தைக் கணக்கெடுத்ததிலும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்னால் நின்றார்கள். சேறு படிந்த வீடுகளைக் கழுவக் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்கள் இறங்கினார்கள். டெல்டாவில் வெளி மாவட்ட மின் ஊழியர்கள் இடுப்பளவுச் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள், அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் எந்த வீட்டுக்கு நிவாரணம் சேரவில்லை என்று தெரிந்த, அதற்காக ஓட வேண்டிய கட்டாயமுள்ள ஆள் ஊருக்குள் இல்லை.

ஒப்பீட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரளத்தின் ஒரு கிராமப் பஞ்சாயத்தில் சாதாரணமாக 20,000 பேருக்கு மேல் இருப்பார்கள். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டுக் கிராமப்புற மக்கள் 3.72 கோடி, ஊராட்சிக்குச் சராசரியாக 3,000 பேர்தான். மருத்துவமனையை நடத்து என்று 3,000 பேர் ஊராட்சியிடம் கொடுத்துவிட முடியாது. அளவு சின்னது என்பதால்தான் அதிகாரமும் தரவில்லையா, தரக்கூடாது என்பதற்கு அளவு ஒரு சாக்கா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றிய அளவில் கொடுத்திருக்கலாமே.

காற்றாலை வாங்கிய ஊர்

சின்ன ஊராட்சியால் ஒன்றும் ஆகாது என்பவர்களுக்கு ஓடந்துறையைக் காட்ட வேண்டும். மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஊர். 1996 முதல் பத்து வருடம் ஆர். சண்முகம் தலைவராக இருந்தார். தண்ணீர் ஏற்றவும் தெருவிளக்குக்கும் ஆகும் மின்கட்டணம் வருமானத்தை விழுங்குகிறது என்று பார்த்தார்கள். மரக்கழிவை எரித்து மோட்டார் ஓட்டிப் பார்த்தார்கள், சூரிய விளக்கு போட்டுப் பார்த்தார்கள். 2006இல் ஊராட்சியே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய். பெரும்பகுதி வங்கிக் கடன், மிச்சம் ஊராட்சியின் சேமிப்பு. ஊருக்கு வேண்டியது போக மீதி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். கடன் அடைந்தது.

இதை ஒரு தனி அலுவலர் செய்திருக்க முடியுமா? அறிவில் குறைவு என்பதால் கேட்கவில்லை. அவர் எப்போது மாற்றலாவார் என்று அவருக்கே தெரியாது. பல வருடம் கழித்து அடையப்போகும் கடனில் அவர் ஏன் கையெழுத்துப் போடுவார்? ஆனால் ஓடந்துறையைப் போல ஆயிரம் ஊர்கள் ஏன் வரவில்லை என்றும் கேட்க வேண்டும். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பெயரில் ஆட்சியருக்குத் தலைவரைப் பதவிநீக்கும் அதிகாரத்தைத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு தருகிறது. அப்படி ஒரு கத்தி தொங்கும்போது காற்றாலை வாங்குகிற துணிச்சல் எல்லாருக்கும் வராது.

நகரத்தில் ஒரு வரி

நகரத்துக் கதை சுருக்கமானது. 2018 ஜூலையில் மாநில அரசு சொத்து வரியைக் குடியிருப்புக்கு 50 சதவீதமும் வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதமும் உயர்த்தியது. அந்த நேரத்தில் தமிழ்நாட்டில் ஒரு கவுன்சிலரும் இல்லை. தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்த 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில் முடிந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் 25 முதல் 150 சதவீதம் வரை புதிய உயர்வு வந்தது. ஆட்சி மாறியும் நாள்காட்டி மாறவில்லை.

திரும்பி வந்தவர்கள்

2020 ஜனவரியில் பிரசிடெண்டுகள் திரும்பி வந்தார்கள். எல்லாம் நல்லபடியாக ஆனது என்று எழுத ஆசைதான். சில ஊர்களில் தலைவர் பதவி ஏலம் போன செய்தி வாக்குப்பதிவுக்கு முன்பே வந்தது. பெண்களுக்கான 50 சதவீத ஒதுக்கீடு முதல் முறையாக நடைமுறைக்கு வந்தது. கூடவே 'தலைவரின் கணவர்' என்ற பழைய பதவியும் பெருகியது. பதவியேற்று மூன்று மாதம் ஆவதற்குள் கொரோனா. கிருமிநாசினி தெளிப்பது, வெளியூரிலிருந்து வந்தவர்கள் யார் என்று சொல்வது, அரிசி இல்லாத வீட்டைக் கண்டுபிடிப்பது, எல்லாம் இந்தப் புது ஆட்களின் தலையில் விழுந்தன. பக்கத்து நகராட்சியில் அதே வேலைக்குக் கவுன்சிலர் இல்லை.

அதே 2020இல்தான் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு புகைப்படம் வெளியானது. பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் நாற்காலியில். திருவள்ளூர் மாவட்டத்தில் சுதந்திர தினத்தன்று ஒரு தலைவருக்குக் கொடியேற்ற விடவில்லை. உள்ளூருக்கு அதிகாரம் என்று சொல்லும்போது உள்ளூரில் ஏற்கெனவே அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்காமல் விட்டால் இதுதான் நடக்கும். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருடம் அங்கே எந்தத் தலைவரையும் நிலைக்க விடவில்லை. 2006இல் அது முடிவுக்கு வந்ததற்கு மாவட்ட நிர்வாகத்தின் விடாமுயற்சி முக்கியக் காரணம். அதாவது கிராமத்தில் ஜனநாயகத்தை உட்காரவைக்க மேலிருந்து ஆட்சியர் வர வேண்டியிருந்தது. தனி அலுவலர் காலத்தைக் குறை சொல்லும் நானே, காலனிக்காரர் ஒருவர் "அந்த ஆபீசராவது எல்லாருக்கும் ஒரே மாதிரி தாமதம் பண்ணினார்" என்று சொன்னால் மறுத்துப் பேசத் தயங்குவேன்.

இதற்குக் கிராம சபை ஓரளவு மருந்து. 2000களின் தொடக்கத்தில் தென் மாநிலங்களில் நடந்த ஒரு களஆய்வில், கிராம சபை கூடிய ஊர்களில் வறுமைக்கோட்டு அட்டைகள் நிலமில்லாதவர்களுக்கும் எழுத்தறிவில்லாதவர்களுக்கும் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. பத்துப் பேர் முன்னிலையில் பட்டியலை வாசித்தால் பொய்ப் பெயரை நுழைப்பது கொஞ்சம் கடினம், அவ்வளவுதான் சூட்சுமம். காலியான மூன்று வருடத்திலும் கிராம சபை சட்டப்படி கூடியது. அலுவலர் வாசித்தார், மக்கள் கையெழுத்துப் போட்டார்கள். மதுக்கடையை மூடச் சொல்லி, ஹைட்ரோகார்பன் வேண்டாம் என்று சொல்லித் தீர்மானங்கள் வந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு மேலே போய்ச் சண்டை போட வேண்டிய ஆள் இல்லாததால் தீர்மானப் புத்தகத்திலேயே தங்கின. கொரோனாவைச் சொல்லி 2020 அக்டோபர் 2 சபை கடைசி நேரத்தில் ரத்தானது. அடுத்த வருடம் அதே நாளில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்ட கிராம சபை நடந்த இடம் பாப்பாபட்டி. 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்துக் கிராம சபை நாட்களை வருடத்துக்கு ஆறாக்கினார்கள். நவம்பர் 1 உள்ளாட்சி நாள் ஆனது. நகரங்களிலும் அன்று பகுதி சபைகள் கூடின.

2019இல் தேர்வானவர்களின் ஐந்து வருடம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. 28 மாவட்டங்களில் (நடுவில் மயிலாடுதுறை தனி மாவட்டமானதால் 27 என்பது 28 ஆகியிருந்தது) 9,624 கிராம ஊராட்சிகள், 314 ஒன்றியங்கள். மற்ற ஒன்பது மாவட்டங்களோடு சேர்த்து நடத்துவது, மறுவரையறை, நகரங்களோடு இணையப்போகும் ஊராட்சிகள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அதே ஜனவரியில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். குடியரசு நாள் கிராம சபைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. தண்ணீர் வராத தெருக்காரர்கள் அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வியோடு வந்தபோது, தலைவர் உட்காரும் நாற்காலியில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்தவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மதியத்துக்குள் இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருந்தது.